அடிக்கடி வயிறு வலிக்கும் குதிரை: புதிதாக வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நான் வாங்கிய கத்தியவார் இனப் பெட்டைக் குதிரைக்கு முதல் 14 மாதங்களில் 5 முறை வயிற்றுவலி வந்தது. ஒவ்வொரு முறையும் மருத்துவர் வந்தார், ஊசி போட்டார், குதிரை தெளிந்து நின்றது, நானும் மறந்துபோனேன். ஐந்தாவது முறைக்குப் பிறகுதான் மருந்துச் சீட்டுகளில் இருந்த தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்தில் மூன்று, திருமண ஊர்வலத்துக்குப் போய்வந்த மறுநாள் வந்தவை. மாலை 4 மணிக்கு லாயத்தை விட்டுக் கிளம்பிய குதிரை, மேளத்திலும் பட்டாசுச் சத்தத்திலும் நின்றுவிட்டு நள்ளிரவில் திரும்பும்வரை ஒரு வாய்ப் புல்லோ ஒரு வாளித் தண்ணீரோ காணவில்லை. திரும்பியதும், பாவம் பசியோடு இருக்கிறதே என்று ஊறவைத்த கொள்ளு முழுவதையும் ஒரே தடவையில் அள்ளி வைத்தவன் நான்தான்.

எப்போதோ ஒருமுறை வரும் வயிற்றுவலியை விபத்து என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் நாம் குதிரையை வைத்திருக்கும் முறையிலிருந்து வருகிறது; ஆகவே அதற்கான மருந்தில் பெரும்பங்கு தீவனத் தொட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நம்முடைய நேர ஒழுங்கிலும் இருக்கிறது. இக்கட்டுரை கால்நடை மருத்துவருக்கு மாற்று அன்று. அவர் வருவதற்கு முன்பும் அவர் போன பிறகும் வளர்ப்பவர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வதே இதன் வேலை.

மாட்டு வயிறும் குதிரை வயிறும்

நம் பக்கத்தில் குதிரை வாங்குபவர்களில் பலர் மாடு வளர்த்துப் பழகியவர்கள். பழக்கத்தின் காரணமாகக் குதிரைக்கும் காலையில் ஒரு தீவனம், மாலையில் ஒரு தீவனம், இரவுக்கு ஒரு கட்டு வைக்கோல் என்று வைத்துவிடுகிறார்கள். மாடு வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோட்டு நிதானமாகச் செரித்துக்கொள்ளும். வளர்ந்த மாட்டின் முதல் வயிறு மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். குதிரைக்கு அசைபோடும் வழியே இல்லை. 500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பைகூட 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். நாளின் பெரும்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்தே கழிப்பதற்கு அமைந்த உடல் அது.

அந்தச் சிறிய இரைப்பையில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். எனவே பல மணி நேரம் வெறும் வாயோடு கட்டிக் கிடக்கும் குதிரையின் இரைப்பையில், பாதுகாப்புச் சளிப்படலம் இல்லாத மேல்பகுதி அமிலத்தால் அரிக்கப்பட்டுப் புண்ணாகிறது. ‘இதற்கு வயிறு நொய்ந்தது’ என்று சொல்லப்படும் குதிரைகளில் பல, உண்மையில் இப்படிப் புண்பட்ட வயிற்றோடு நடமாடுபவை.

இரைப்பையைத் தாண்டினால், ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல், பிறகு 30 லிட்டர் வரை கொள்ளும் குருட்டுக்குடல், அதன் பின் இரட்டையாக மடிந்து கிடக்கும் பெருங்குடல் என்று பாதை நீள்கிறது. புல்லின் நாரைச் செரிப்பவை இந்தப் பின்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். தீவனம் திடீரென்று மாறினால் அவை பழகிக்கொள்ள நாள்கள் பிடிக்கும்; அதற்குள் தவறான புளிப்பு ஏறி வாயு சேர்கிறது. பெருங்குடல் மடிந்து திரும்பும் ஓரிடத்தில் குழாய் சட்டென்று குறுகுகிறது. தண்ணீர் குறைந்து, தின்னும் புல்லும் வைக்கோலும் முரடாக இருந்தால் அங்கேதான் பெரும்பாலும் அடைப்பு விழும். இத்தனைக்கும் மேலாக, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பிழை எதுவும் வாய் வழியாகத் திரும்பி வராது.

கோலிக் என்று மருத்துவர்கள் சொல்வது ஒரு நோயின் பெயர் அன்று. வயிற்றில் வலி இருக்கிறது என்பதை மட்டுமே அச்சொல் குறிக்கிறது. வாயு, குடல் இழுப்பு, அடைப்பு, மணல், புழு, புண், குடல் இடம் மாறுதல், குடல் முறுக்கு என்று அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ‘சூலை வந்துவிட்டது’ என்று ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் கொடுப்பதால் பயனில்லாமல் போவது இதனால்தான்.

நலமாக இருக்கும்போதே எண்ணிப் பழகுங்கள்

முதல் வேலையை வலி இல்லாத நாளில் செய்ய வேண்டும். ஒரு வெப்பமானியும், மலிவான ஒரு ஸ்டெதஸ்கோப்பும், நொடிமுள் உள்ள கடிகாரமும் போதும். குதிரை ஓய்வாக நிற்கும்போது இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இயல்பு. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். வெப்பமானியின் வெளிமுனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை வால் மயிரில் கவ்வவிடுவது நல்லது, இல்லையேல் அது உள்ளே போய்விடும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: ஈரமாக, வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவுக்குப் பின்னால் இரு பக்கமும் மேலும் கீழுமாக நான்கு இடங்களில் ஒவ்வொரு நிமிடம் காது கொடுத்தால், குடல் உருளும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். இலத்தி ஒரு நாளில் ஏறக்குறைய 8 முதல் 12 முறை விழும். உருண்டையாக, தரையில் விழுந்ததும் லேசாக உடையும் பதத்தில் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். உங்கள் குதிரைக்கு இயல்பு 32 என்று தெரிந்திருந்தால்தான், ஒரு நாள் 48 என்று வரும்போது அதன் பொருள் உங்களுக்கு விளங்கும்.

வலி தொடங்கிய முதல் அரை மணி

தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்குவது, மேலுதட்டைச் சுருட்டுவது, முன்காலால் தரையைக் கிளறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, மூத்திரம் பெய்வதுபோல் உடலை நீட்டி நிற்பது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, புரள்வது, வேலையில்லாமல் வியர்ப்பது ஆகியவை அறிகுறிகள். நொய்ந்த வயிறுள்ள குதிரை பல நேரங்களில் இவற்றுள் முதலிரண்டை மட்டும் காட்டும். கொள்ளுப் பையை வேண்டாம் என்று தள்ளும் குதிரையை ‘செல்லம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடனே தீவனம் முழுவதையும் அகற்றுங்கள். துடிப்பு, மூச்சு, ஈறு, குடல் சத்தம், கடைசியாக இலத்தி விழுந்த நேரம் ஆகியவற்றைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு மருத்துவரை அழையுங்கள். ‘டாக்டர், குதிரை என்னவோ போல் இருக்கிறது’ என்பதைவிட ‘டாக்டர், துடிப்பு 52, வலப்பக்கம் சத்தமே இல்லை, காலையிலிருந்து இலத்தி இல்லை’ என்பது அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். வழக்கமான மருத்துவர் கிடைக்காவிட்டால் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அவர் வரும்வரை குதிரை அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கவிடுங்கள். படுப்பதே ஆபத்து என்று அடித்து எழுப்ப வேண்டியதில்லை. பலமாகப் புரண்டு தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும்போது மட்டும் மெல்ல நடத்துங்கள், அதுவும் 10 அல்லது 15 நிமிடம் நடை, பிறகு ஓய்வு. மணிக்கணக்கில் ஓட்டிக் களைக்கவைப்பது பழைய பழக்கம். மருத்துவர் வரும்போது எது வலியால் ஏறிய துடிப்பு, எது ஓட்டத்தால் ஏறிய துடிப்பு என்று தெரியாமல் போவதுதான் அதன் பலன். மிகப் பலமாகப் புரளும் குதிரையின் அருகில் நீங்கள் போகவே வேண்டாம்.

செய்யக் கூடாதது ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய், இஞ்சிச் சாறு, பெருங்காயத் தண்ணீர், ஓமக் கஷாயம் என்று எதையும் பாட்டிலிலோ மூங்கில் குழாயிலோ வைத்துத் தலையைத் தூக்கி வாயில் ஊற்றாதீர்கள். மாட்டுக்கு இப்படிக் கொடுத்துப் பழகிய கைக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் வலியில் இருக்கும் குதிரையின் நுரையீரலுக்குள் அந்த எண்ணெய் இறங்கினால், வயிற்றுவலி தீர்ந்த பிறகும் நுரையீரல் அழற்சியால் குதிரையை இழக்க நேரிடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் சென்றதை உறுதிசெய்துகொண்டுதான் எண்ணெயோ தண்ணீரோ கொடுப்பார். அதே குழாய் வழியாக, இரைப்பையில் தேங்கிய நீரை வெளியேற்றவும் அவரால் முடியும். வாந்தி எடுக்க முடியாத விலங்குக்கு அது உயிர் காக்கும் வேலை. முன்பு மீந்துபோன வலி ஊசியை நீங்களே போடுவதும் கூடாது. வலியை மறைத்துவிட்டால் முறுக்கிய குடலுக்கும் வாயு நிறைந்த குடலுக்கும் வேறுபாடு தெரியாது. மணிக்கணக்கு முக்கியமான இடத்தில் அந்த நேரம் வீணாகும்.

துடிப்பு 60ஐத் தாண்டி இறங்காமல் இருப்பது, ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறுவது, நான்கு இடத்திலும் குடல் சத்தம் அற்றுப்போவது, வயிறு உப்புவது, ஊசி போட்டும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி திரும்புவது, மூக்கில் பச்சை நீர் வடிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது லாயத்தில் வைத்துப் பார்க்கும் நிலை அன்று. பலமாகப் புரண்ட குதிரை திடீரென்று அமைதியாகிக் குளிர்ந்த வியர்வையோடு நின்றால் நிம்மதி அடையாதீர்கள். இரைப்பையோ குடலோ கிழிந்த பிறகும் அப்படித்தான் நிற்கும். குதிரைக்கு வயிற்று அறுவை செய்யும் வசதி நம் நாட்டில் வெகு சில இடங்களில்தான் உண்டு. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு எது அருகில், அங்கே எந்த அளவுக்குச் செய்ய முடியும், இரவில் வண்டிக்கு யாரை அழைப்பது என்பதை இன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

வலி நின்ற பிறகு

குடல் சத்தம் திரும்பி, இலத்தி விழுந்து, மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகு ஒரு பிடி பசும்புல்லில் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கொள்ளும் தவிடும் குறைந்தது 2 அல்லது 3 நாளுக்கு வேண்டாம்.

தேதி போட்ட நோட்டு

இனி வருவதுதான் திரும்பத் திரும்ப வரும் வலிக்கான உண்மையான சிகிச்சையின் தொடக்கம். 40 பக்க நோட்டு ஒன்றை லாயத்திலேயே தொங்கவிடுங்கள். வலி வந்த நாளை மட்டும் எழுதினால் பயனில்லை. அதற்கு முந்தைய 3 நாளும் தெரிய வேண்டும், ஏனெனில் தின்றது முழுவதுமாக வெளியேற ஒன்றரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். தீவனத்தின் வகை, எடை, வைத்த நேரம், குடித்த தண்ணீர் எத்தனை வாளி, இலத்தியின் எண்ணிக்கையும் பதமும், வேலை, பயணம், ஓய்வு, மழையா வெயிலா, புல் எந்த வயலில் இருந்து வந்தது, புழு மருந்து, வலி மருந்து கொடுத்த நாள். இவ்வளவுதான். இரண்டு மாதத்தில் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். தீவனத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் வலி என்றால் இரைப்பைப் புண்ணை நினைக்க வேண்டும். புதுக் கட்டுப் புல் வந்த வாரங்களில் வலி என்றால் மாற்றத்தின் வேகமே குற்றவாளி. ஓய்வில் கட்டிப்போட்ட நாள்களிலும் இலத்தி காய்ந்த நாள்களிலும் வந்தால் அது தண்ணீரும் நடையும் குறைந்ததால் வரும் அடைப்பு.

வடிவம் தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளியில் மாற்றினால்தான் எது உதவியது என்று தெரியும். தவிர, மொத்தமாக மாற்றுவதே அடுத்த வலியைக் கொண்டுவரும்.

காரணம் தேடுதல்

பல்லில் தொடங்குங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுவதும் மேலெழுந்து தேய்ந்துகொண்டே இருப்பவை. தேய்மானம் கோணலானால் ஓரங்கள் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் குத்தும். மென்ற புல்லைச் சுருளாகக் கீழே துப்புவதும், இலத்தியில் நீளமான நார் தெரிவதும் அதன் அடையாளங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைத் திறந்து பார்த்து அரத்தால் தேய்க்கச் செய்ய வேண்டும்.

அடுத்தது புழு. மூன்று மாதத்துக்கொரு முறை கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பது இப்போது நல்ல முறையாகக் கருதப்படுவதில்லை. புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. புதிய இலத்தியை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ போய்ப் புழு முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த குதிரைக்குக் கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழே இருந்தால் பொதுவாக உடனடி மருந்து தேவைப்படாது. நாடாப்புழு இந்தச் சோதனையில் எளிதில் அகப்படாது. சிறுகுடலும் குருட்டுக்குடலும் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வலி தருவது அதன் வழக்கம். வழக்கமான புழு மருந்தான ஐவர்மெக்டின் அதைக் கொல்லாது, பிரசிகுவான்டெல் என்ற மருந்து வேண்டும். முன்கால் மயிரில் மஞ்சள் நிற முட்டைகள் ஒட்டியிருந்தால் அது ஒருவகை ஈயின் முட்டை. குதிரை நக்கும்போது உள்ளே போய் இரைப்பைச் சுவரில் புழுவாகத் தொற்றிக்கொள்ளும். அதற்கு ஐவர்மெக்டின் போதும்.

கடற்கரை ஊர்களிலும், செம்மண் புழுதியில் தீவனத்தைத் தரையில் கொட்டும் இடங்களிலும் மணலைச் சந்தேகியுங்கள். நம் ஊரில் மணலைக் கொண்டுவரும் பெரிய வழி கடலைக்கொடி. சத்துள்ள தீவனம்தான், ஆனால் பிடுங்கிய கொடியை உதறாமல் அப்படியே போட்டால் வேரோடு ஒட்டிய மண் முழுவதும் பெருங்குடலின் அடியில் தங்கும். சோதித்துப் பார்க்க, தரையில் படாத ஐந்தாறு இலத்தி உருண்டைகளை ஒரு கண்ணாடிச் சாடியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து 20 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் படிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். படியாவிட்டால் மணல் இல்லை என்று உறுதியாகிவிடாது, சில நாள் விட்டு மீண்டும் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் சில வாரம் தீவனத்தில் கலந்து கொடுக்கப்படுவதுண்டு. ஈரம் பட்டால் கூழாகிவிடும் என்பதால் கலந்ததும் வைத்துவிட வேண்டும். தீவனத்தைத் தொட்டியிலோ ரப்பர்த் தட்டிலோ வைக்கும் பழக்கம் வராதவரை இசப்கோலால் நிலையான பயன் கிடைக்காது.

புண்ணுக்கு வருவோம். புல்லைத் தின்றுகொண்டு தானியத்தை மட்டும் விலக்குவது, சேண வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருவது, பல்லை நறநறவென்று கடிப்பது, மயிர் மங்குவது, நன்றாகத் தின்றும் எடை ஏறாதது ஆகியவை புண்ணைச் சுட்டும். உறுதிப்படுத்த 3 மீட்டர் நீளமுள்ள உள்நோக்கி வேண்டும். எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் மருத்துவர் அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்குவதும் உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்தை வழக்கமாக 28 நாள், காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம் வைப்பார்கள். மனிதர்களுக்கான மாத்திரையை உத்தேச அளவில் கொடுப்பது காசுக்குக் கேடு. கால் நொண்டலுக்கு பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தை நாள்கணக்கில் கொடுத்துவரும் குதிரைக்கு வயிறு வலித்தால், முதலில் அந்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இரைப்பையையும் பெருங்குடலையும் புண்ணாக்குவது அதன் இயல்பு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சில மாதங்களில் மூன்றாவது முறை வலி வந்தால், இரத்தச் சோதனை, ஆசனவாய் வழிப் பரிசோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றுக்காகக் கல்லூரி மருத்துவமனைக்கு, வலி இல்லாத ஒரு நாளில், அழைத்துப் போங்கள்.

தீவனம்

எடை தெரியாமல் தீவனம் அளக்க முடியாது. மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். என் பெட்டைக்குச் சுற்றளவு 165, நீளம் 150. கணக்குப்படி ஏறக்குறைய 344 கிலோ.

ஒரு நாளின் மொத்தத் தீவனம், ஈரம் போக, உடல் எடையில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நார்த்தீவனம் மட்டும் எக்காரணத்தாலும் எடையில் 1.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கம்பு நேப்பியர் போன்ற பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 15 கிலோ பசும்புல் என்பது உண்மையில் 3 கிலோ தீவனம்தான். 340 கிலோ குதிரைக்கு மூன்றரை கிலோ உலர்புல், 15 கிலோ பசும்புல், முக்கால் கிலோ கொள்ளு என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. வேலை கூடினால் முதலில் புல்லைக் கூட்டுங்கள். அப்போதும் உடம்பு இளைத்தால் தானியத்தைக் கூட்டாமல் 50 மி.லி.யில் தொடங்கிச் சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

எவ்வளவு என்பதைவிட எப்படி என்பது முக்கியம். குதிரை விழித்திருக்கும் நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னால் புல் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒரேயடியாகப் போட்டால் தின்று தீர்த்துவிடும் குதிரைக்குச் சிறு கண்ணுள்ள வலைப் பையில் உலர்புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். காலி வலை தொய்ந்து இறங்கினாலும் குளம்பு மாட்டாத உயரத்தில் இருக்கட்டும். இரவு 10 மணிக்கு ஒருமுறை எழுந்து புல் போடுவது சலிப்பான வேலைதான். நான் செய்த மாற்றங்களில் அதிகம் பயன் தந்தது அதுவே.

கொள்ளு பற்றி நம்மவர்களுக்கு ஒரு பற்று உண்டு. கொள்ளு தின்னாத குதிரை குதிரையா என்பார்கள். புரதம் நிறைந்ததுதான், ஆனால் பயறு வகை எல்லாவற்றையும் போலப் பின்குடலில் வாயு உண்டாக்கும். நொய்ந்த வயிற்றுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அன்றன்றைக்கு ஆறியதும் வைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் காலையில் வெந்த கொள்ளு மாலைக்குள் புளித்துவிடும். ஒரு நாள் அளவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் புல் தின்ற பிறகே வையுங்கள். திருவிழாவில் மீந்த பொங்கல், கல்யாணச் சோறு, ரொட்டித் துண்டு, பச்சரிசியும் வெல்லமும் என்று அன்போடு வருபவர்களைத் திருப்பி அனுப்புவது சங்கடமான வேலை. அந்த மாவுச்சத்து செரிக்காமல் பின்குடலுக்குப் போய்ப் புளித்தால் வலியோடு நிற்காது. குளம்பின் உள்திசு அழன்று குதிரை நடக்கவே முடியாமல் போகலாம்.

வைக்கோலை முதன்மைத் தீவனமாக வைக்காதீர்கள். அதில் சத்து குறைவு, மணற்சத்து (சிலிக்கா) அதிகம். காய்ந்த வைக்கோலும் குறைந்த தண்ணீரும் பல் கோளாறும் சேர்ந்தால் அடைப்புக்கு வேறு எதுவும் தேவையில்லை. உலர்ந்த கொழுக்கட்டைப் புல்லோ அருகம்புல்லோ கிடைத்தால் சிறப்பு. நேப்பியர் மட்டுமே தின்னும் குதிரைக்கு அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. கோதுமைத் தவிடும் அதே பக்கம்தான் இழுக்கும். எனவே நார்த்தீவனத்தில் ஒரு பங்காகக் குதிரைமசாலை, வெட்டி ஒரு வேளை வாடவிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தச் செடியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இரைப்பை அமிலத்தையும் ஓரளவு தணிக்கும். இயந்திரத்தில் நறுக்கிக் குவித்த பசும்புல் இரவில் சூடேறியிருந்தால் அதை எருக்குழிக்கு அனுப்புங்கள். பூஞ்சணம் மணக்கும் கட்டும் அப்படியே.

எந்தத் தீவனத்தை மாற்றினாலும், ஒரு வயலின் புல்லிலிருந்து வேறு வயலின் புல்லுக்கு மாறினால்கூட, 10 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு பழையதையும் புதியதையும் கலந்து மாற்றுங்கள். பழைய கட்டு தீருவதற்கு இரண்டு வாரம் முன்பே புதியதை வாங்கிவிட்டால்தான் இது நடக்கும்.

340 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்கு 20 முதல் 35 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோடையில் வேலை செய்தால் இன்னும் அதிகம். தொட்டியில் பாசி பிடித்திருந்தால் தாகத்தோடு நிற்குமே தவிரக் குடிக்காது. நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பைத் தீவனத்தில் கலந்தால் தாகம் ஒழுங்காக எடுக்கும். கட்டிப்போட்டே வைக்காமல், வேலை இல்லாத நாளிலும் காலையும் மாலையும் நடக்க விடுங்கள். குடல் நகர்வதற்குக் கால் நகர வேண்டும்.

ஊர்வல நாள்

வெறும் வயிற்றில் ஓடினால் அமிலம் இரைப்பையின் மேல்பகுதியில் தெறிக்கும் என்பதால், கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒன்றிரண்டு கிலோ புல் தின்னவிடுங்கள்; தானியம் வேண்டாம். ஊர்வல இடத்துக்கு இரண்டு வாளியும் ஒரு வலைப்பைப் புல்லும் கூடவே போகட்டும். மண்டபத்துக்காரரிடம் பேசும்போதே, ஒன்றரை மணிக்கொரு முறை குதிரை 15 நிமிடம் ஒதுங்கித் தின்று குடிக்கும் என்று சொல்லிவிடுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள். திரும்பியதும் முதலில் தண்ணீர், பிறகு புல். கொள்ளு மறுநாள் காலையில்தான். சேணத்தை இறக்கி 10 நிமிடம் நடத்தி, படுக்கப்போகும் முன் இலத்தி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படி மாற்றிய பிறகு வந்த 16 மாதங்களில் என் பெட்டைக்கு ஒரே ஒரு முறை வலி வந்தது. நோட்டைப் புரட்டினேன்: அதற்கு 2 நாள் முன்பு உலர்புல் தீர்ந்துபோய், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த புதுக் கட்டைக் கலக்காமல் அப்படியே போட்டிருந்தது என் கையெழுத்திலேயே இருந்தது.